புகைபோக்கியும் பூச்சு மண்ணும்

சமையலறையில் புகை சூழ்ந்தால் விறகு ஈரம் என்போம். காற்று எதிர்த்து வீசுகிறது என்போம். புகைபோக்கி வைத்த பின்னும் புகை உள்ளே வந்தால் அதன் உயரம் போதவில்லை என்போம். அடுப்பும் குழாயும் சேருமிடத்திலோ, குழாயும் குழாயும் பொருந்துமிடத்திலோ, குழாய் கூரையைத் துளைத்து வெளியேறுமிடத்திலோ விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தால் அது யார் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. அந்த இடுக்கை எதைக் கொண்டு அடைப்பது என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் புகையில்லா அடுப்பைப் பரப்புவதற்குப் பல பத்தாண்டுகளாக நடந்த முயற்சிகளை ஆராய்ந்தால், இந்தச் சிறு கேள்வி அவற்றின் வெற்றியையும் தோல்வியையும் எவ்வளவு தொட்டிருக்கிறது என்பது விளங்கும். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஏரி மண்ணில் பிறந்த அடுப்பு

சென்னையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகியவற்றைக் கடந்தால் கூடுவாஞ்சேரி வருகிறது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புறநகர். நந்திவரம் ஏரி முதலிய ஏரிகளை நம்பி நெல் விளைந்த நாட்டுப்புறமாக இருந்த ஊர்தான் இது. ஏரிகளின் மாவட்டம் என்று பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஏரி இருக்குமிடத்தில் வண்டலும் களிமண்ணும் கிடைக்கும். நெல் விளையுமிடத்தில் உமியும் வைக்கோலும் கிடைக்கும். மாடு இருக்கும் வீட்டில் சாணம் கிடைக்கும். இவற்றைக் கொண்டே வீட்டுப் பெண்கள் அடுப்புப் போட்டார்கள். எரிப்பதற்குச் சுள்ளியும் வரட்டியும் பயன்பட்டன. கடலோரத் தோப்புகளிலிருந்து சவுக்கு விறகும் வந்தது.

தமிழ்நாட்டு மண்ணடுப்பில் நாம் கவனிக்க வேண்டிய உறுப்புகள் இரண்டு. ஒன்று, குமிழ். அடுப்பின் விளிம்பில் மூன்று குமிழ்கள் மேலெழுந்து நின்று பானையைத் தாங்கும். பானைக்கும் அடுப்புக்கும் இடையே உள்ள அந்த வெளியின் வழியாகத்தான் புகை வெளியேறும். எந்த அளவுப் பானையை வைத்தாலும் பொருந்தும் என்பது குமிழின் நன்மை. இரண்டாவது, கொடியடுப்பு. பெரிய அடுப்பிலிருந்து உள்வழியாக வரும் அனல் பக்கத்திலுள்ள சிறிய அடுப்பையும் சூடாக்கும். சோறு பொங்கும் தீயிலேயே குழம்பும் கொதிக்கும். ஒரு தீயின் வெப்பத்தை இரண்டு பாத்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இந்த உத்திதான், பிற்காலத்தில் அறிவியலார் வடிவமைத்த பல துளை அடுப்புகளுக்கும் அடிப்படை.

இந்த அடுப்பில் புகைபோக்கி இல்லை. புகை கூரைக் கீற்றின் வழியே கசிந்து வெளியேறும். புகை பட்ட கூரையில் பூச்சிகள் அண்டுவது குறையும் என்பது உண்மை. ஆனால் கூரைக்குக் கிடைத்த அந்த நன்மைக்கு விலை கொடுத்தது ஊதுகுழலுடன் அடுப்பின் முன் அமர்ந்திருந்த பெண்ணின் கண்ணும் நுரையீரலும் ஆகும்.

களிமண் ஏன் வெடிக்கிறது?

களிமண் மிக நுண்ணிய தகடு போன்ற துகள்களால் ஆனது. குழைக்கும்போது இத்தகடுகளுக்கிடையே நீர் புகுந்து கொள்கிறது. உலரும்போது நீர் வெளியேறுகிறது; தகடுகள் நெருங்குகின்றன; மண் சுருங்குகிறது. மேற்பரப்பு முதலில் சுருங்க, உட்பகுதி சுருங்காமல் நிற்பதால் வெடிப்பு உண்டாகிறது. வற்றிய ஏரியின் தரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

இதைத் தடுக்க நம் முன்னோர் மூன்று பொருள்களைச் சேர்த்தனர். மணல் சுருங்காது, எனவே அது மண்ணுக்குள் ஒரு சட்டகம்போல் நின்று சுருக்கத்தைக் குறைக்கிறது. உமியும் வைக்கோல் துணுக்கும் நார்களைப்போல் வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்துக் கொள்கின்றன. செரிக்காத புல்நார் நிறைந்த சாணம் மண்ணுக்குப் பிடிப்புத் தருகிறது. தீ பட்டவுடன் உமி எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. ஓடி வரும் வெடிப்பு அத்துளையை அடைந்ததும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அத்துளைகளில் தங்கும் காற்று வெப்பத்தையும் எளிதில் கடத்துவதில்லை.

சுமார் 500 பாகை செல்சியஸுக்கு மேல் களிமண்ணோடு வேதியியல் முறையில் இணைந்திருக்கும் நீரும் நீங்கிவிடுகிறது. அதன்பின் அது மீண்டும் நீரில் குழையாது. அடுப்பின் வாய்ப்புறம் செங்கல் நிறம் கொள்வது இதனாலேயே. வெளிப்புறமோ பச்சை மண்ணாகவே இருக்கிறது. அதில் உண்டாகும் மயிரிழை வெடிப்புகளை, நாள்தோறும் அல்லது நாள்விட்டு நாள் சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவதன் மூலம் அடைத்து வந்தார்கள். மெழுகுதல் தூய்மைக்காகச் செய்யும் சடங்கு என்றே நாம் எண்ணுகிறோம். பொறியியல் நோக்கில் அது ஒரு பராமரிப்பு முறை. வெடிப்பு தோன்றும், தோன்றிய அன்றே அடைபடும். இதை நினைவில் இருத்திக் கொள்வோம்.

சுண்ணாம்பும் சிமென்டும்

மண்ணைவிட வலிய பூச்சுகளைத் தமிழகம் அறியாமலில்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, சலவைக்கல் போலப் பளபளக்கும் சுவர்களைத் தந்தது. சென்னைச் சுண்ணாம்பு என்று அயல்நாட்டாரும் அதைப் புகழ்ந்தனர். பிரிட்டனில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமென்டு தயாரிக்கும் முறையான முயற்சி 1904-ல் சென்னையிலேயே, கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கியது. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே இத்தொழிலுக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

வீடு கட்ட இவ்வளவு உறுதியான பொருள் இருக்கும்போது அடுப்பின் இடுக்கையும் அதனாலேயே அடைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. இறுகிய சிமென்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, கலந்திருக்கிறது. 400 முதல் 500 பாகை வெப்பத்தில் இது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அடுப்பு ஆறியபின் காற்றிலுள்ள ஈரமோ, சிந்திய கஞ்சித் தண்ணீரோ பட்டால் மீண்டும் நீர் ஏற்று உப்புகிறது. காலையில் சுருக்கம், மாலையில் உப்பல் என்று சில வாரங்கள் கழிந்தால் கல்போல் இருந்த பூச்சு மாவாக உதிர்கிறது. கலவையில் உள்ள மணலும் துணை நிற்பதில்லை. மணலின் முக்கியப் பொருளாகிய குவார்ட்ஸ் 573 பாகையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருக்கிறது. கெட்டியான சிமென்டில் இதைத் தாங்கும் நெகிழ்வு கிடையாது. சுண்ணாம்புச் சாந்தும் கடும் வெப்பத்தில் மீண்டும் சுண்ணாம்புக் காளவாயில் இட்ட கல்லின் நிலையை நோக்கியே செல்கிறது.

சுவருக்கு எது வலிமையோ அதுவே அடுப்புக்கு வலிமை ஆகாது என்பது இதனால் தெளிவாகும்.

இரும்பு அடுப்பு எழுப்பிய சிக்கல்

குளிர்நாடுகளில் அடுப்பு சமையலுக்கு மட்டுமன்றி வீட்டைச் சூடாக்கவும் வேண்டியிருந்தது. அங்கே புகைபோக்கி முன்பே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரும்புத் தகடுகளைப் பொருத்திய ஓர் அடுப்பை அமைத்து, அதைப் பற்றி 1744-ல் ஒரு நூல் வெளியிட்டார். புகை செல்லும் வழியும், அறைக்குள் வரும் சூடான காற்றின் வழியும் தகடுகளால் பிரிக்கப்பட்டிருந்தன. தகடுகளின் இணைப்பில் இடுக்கு விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். அந்த அடுப்பின் பயனெல்லாம் இணைப்புகளின் இறுக்கத்தைச் சார்ந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் ரம்ஃபோர்டு பிரபு செங்கல்லால் மூடிய சமையல் அடுப்புகளைக் கட்டி, காற்று நுழையும் வழியைக் கட்டுப்படுத்தினார். வேண்டாத இடத்தில் காற்று நுழையும் அடுப்பில் அத்தகைய கட்டுப்பாடு இயலாது.

இரும்புக்கும் மண்ணுக்கும் உள்ள பகைமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயின் வெப்பநிலை 250 பாகை உயர்ந்தால் அது சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளமுள்ள சுட்ட மண் அதே வெப்பத்தில் ஒன்றே கால் மில்லிமீட்டர் அளவே நீள்கிறது. எஞ்சிய ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் எங்கே போகும்? இடையிலுள்ள பூச்சைத் தள்ளும். ஆறும்போது விலகி இடுக்கு விடும். நாளைக்கு மூன்று வேளை அடுப்பு எரிந்தால் ஆண்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இந்த இழுபறி நடக்கிறது. கெட்டியான எந்தப் பூச்சும் இதற்கு நெடுநாள் ஈடு கொடுக்காது.

இச்சிக்கலுக்கு விடை காண வேதியியலார் பல பொருள்களைத் தந்தனர். ஜெர்மானிய அறிஞர் ஃபுக்ஸ் 1818-ஐ ஒட்டி நீர்க்கண்ணாடி எனப்படும் சிலிக்கேட் கரைசலை ஆராய்ந்தார். களிமண்ணோடு இதைக் குழைத்தால் சூட்டில் இறுகும் அடுப்புப் பசை கிடைக்கிறது. ஆனால் சூடுபட்டு இறுகும்வரை ஈரம் படக்கூடாது. பிரான்சில் ஜூல் பியே 1908-ல் கால்சியம் அலுமினேட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். கடல்நீரும் சல்ஃபேட்டும் அரிக்காத சிமென்டைத் தேடி உருவான இப்பொருள், கடும் வெப்பத்தையும் தாங்குவது பின்னர் பெரும்பயன் தந்தது. உலைகளின் உட்பூச்சில் இன்றும் அது இடம்பெறுகிறது. கல்நார்க் கயிறும் கல்நார்த் தாளும் இணைப்புகளில் நெடுங்காலம் திணிக்கப்பட்டன. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. அதனால் இன்று கண்ணாடி இழைக் கயிறு பயன்படுகிறது.

இடுக்கு அடைபடாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கொரியா ஒரு துயரமான சான்று. அங்கே அடுப்பின் புகையைத் தரைக்கு அடியில் செலுத்தி வீட்டைச் சூடாக்கும் ஓண்டோல் என்னும் முறை வழக்கிலிருந்தது. தரையைக் களிமண்ணால் பூசி அதன்மேல் எண்ணெய்த் தாள் ஒட்டுவார்கள். விறகு எரித்த காலத்தில் தரையில் வெடிப்பு விழுந்தால் புகையின் நெடி எச்சரித்துவிடும். 1950-களுக்குப் பின் நிலக்கரிக் கட்டிகளை எரிக்கத் தொடங்கினர். அவற்றிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் பலர் எழவே இல்லை. தரைப்பூச்சில் விழுந்த மயிரிழை வெடிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

இந்தியாவில் புகையில்லா அடுப்பு

நம் நாட்டில் கிராம அடுப்பைச் சீர்திருத்தும் எண்ணம் காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தோடு வளர்ந்தது. 1934-ல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அமைந்தபோது அதன் பணிகளை முன்னின்று நடத்தியவர் தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. வார்தாவிலுள்ள மகன்வாடி அச்சங்கத்தின் இருப்பிடம். மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயர்பெற்ற அவ்விடத்தில் 1940-களில் உருவான புகையில்லா அடுப்புக்கு மகன் சூலா என்று பெயர் வழங்கிற்று.

அடுத்து ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்ற நோக்குடன் ஓர் அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. மண்ணாலான அடுப்பு, வரிசையாகப் பாத்திரத் துளைகள், உள்ளே புகைவழி, முடிவில் புகைபோக்கி. நம் கொடியடுப்பின் நீட்சி என்றே இதைக் கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. இத்தகைய அடுப்புகளில் குமிழுக்கு இடமில்லை. பாத்திரம் துளையில் அமர்ந்து அதை அடைக்க வேண்டும். அதாவது, பாத்திரமே ஓர் அடைப்பு. துளைக்குப் பொருந்தாத சிறு பாத்திரத்தை வைத்தாலோ, ஒரு துளையைத் திறந்துவிட்டாலோ, புகைபோக்கியின் இழுவிசை அங்கே வீணாகிவிடும்.

1980-ல் சண்டிகர் அருகிலுள்ள நாடா என்னும் சிற்றூரில் மது சரீன் அவ்வூர்ப் பெண்களுடன் சேர்ந்து ஓர் அடுப்பை உருவாக்கினார். நாடா சூலா என்று அது பெயர் பெற்றது. அடுப்புக் கட்டும் கொத்தர்களாகக் கிராமப் பெண்களே பயிற்சி பெற்றதுதான் அதன் தனிச்சிறப்பு. அதே காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், ஏ. கே. என். ரெட்டி 1974-ல் தொடங்கிய அஸ்திரா அமைப்பில் மூன்று பாத்திர அடுப்பு ஒன்று உருவாகியது. அஸ்திரா ஒலே என்பது அதன் பெயர். கன்னடத்தில் ஒலே என்றால் அடுப்பு. நம் உலை என்ற சொல்லுக்கு அது உறவுச்சொல். ஆய்வகத்தில் அதன் வெப்பத்திறன் 40 விழுக்காட்டைத் தாண்டியது.

1983 இறுதியில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை மைய அரசு தொடங்கிற்று. 2002-ல் அது மைய அரசின் திட்டமாக இருப்பது முடிவுற்றது. இந்த இடைக்காலத்தில் நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைந்தன. பயிற்சி பெற்ற பணியாளர் ஒரு வீட்டுக்கு வந்து அடுப்பைக் கட்டி, குழாயைப் பொருத்தி, அதற்குரிய ஊதியம் பெற்று அடுத்த வீட்டுக்குச் செல்வார். பல அடுப்புகள் சில ஆண்டுகளே நிலைத்தன. குழாய் உடைந்தது, கரி அடைத்தது, மண் வெடித்தது, பழைய அடுப்பு திரும்பி வந்தது.

அளந்து கண்ட உண்மை

அடுப்புப் புகையைக் கருவிகொண்டு அளக்கும் பணியில் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிவியலார் முன்னோடி. குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அவரும் இந்திய ஆய்வாளர்களும் அளந்து 1983-ல் முடிவுகளை வெளியிட்டனர். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம் தூசு இருந்தது.

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்தவர்கள் சென்னையின் தென்மேற்கே போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும். தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளை ஆராய்ந்து 2002-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, விறகு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுரையீரலுக்குள் செல்லத்தக்க நுண்துகள் கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைப்பவர் ஒரு நாள் முழுதும் பெறும் சராசரி அளவு 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமையலில் ஈடுபடாதவர் பெறுவது 90. வீட்டுப் புகையால் 2020-ல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது.

அப்படியானால் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு இந்நிலையை மாற்றியதா? ஒடிசாவில் 44 கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைக் கொண்டு ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்தனர். சீட்டுக் குலுக்கல் முறையில் அடுப்புகள் வழங்கப்பட்டன. முதலாண்டில் புகையைச் சுவாசிக்கும் அளவு குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் அந்த நன்மை மறைந்தது. அடுப்பை முறையாகவும் தொடர்ந்தும் பயன்படுத்தவில்லை, தேவையான பராமரிப்பும் நடக்கவில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம். ஆய்வகத்தில் வென்ற அடுப்பு சமையலறையில் தோற்றதன் கதை சுருக்கமாக இதுதான்.

ஒரு மில்லிமீட்டர் நீரின் வலிமை

ஒரு சிறு வெடிப்பு இவ்வளவு கேடு செய்யுமா என்று ஐயுறலாம். புகைபோக்கி எப்படி இயங்குகிறது என்று நோக்குவோம். குழாயினுள் உள்ள சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசானது. எனவே அது மேலெழுகிறது. அடுப்பின் வாய் வழியே புதிய காற்று இழுக்கப்படுகிறது. 3 மீட்டர் உயரமுள்ள குழாயில் சராசரி வெப்பநிலை 150 பாகை, வெளியே 30 பாகை எனக் கொள்வோம். அப்போது உண்டாகும் இழுவிசை சுமார் 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான் அது. சமையலறையைக் காக்கும் வலிமை அவ்வளவே!

இணைப்பில் இடுக்கு இருந்தால் முதலில் புகை வெளியே வராது. அறையின் குளிர்ந்த காற்று குழாயினுள் புகும். அதனால் குழாயின் சராசரி வெப்பநிலை 150-லிருந்து 80 பாகையாகக் குறைந்தால் இழுவிசை சரிபாதியாகிறது. இழுவிசை பாதியானால் அடுப்பு வாய் வழியே புகை பின்னடிக்கத் தொடங்கும். குளிர்ந்த குழாயில் புகையிலுள்ள கீல் போன்ற பொருளும் படிகிறது. குழாய் குறுகுகிறது, இழுவிசை மேலும் குறைகிறது. இறுதியில் இடுக்கு வழியாகவே புகை அறைக்குள் வருகிறது. படிந்த கீல் தீப்பற்றினால் கீற்றுக் கூரைக்கும் ஆபத்து. புகை அடுப்பின் வாயில் வருவதால் வாயையே குறை கூறுகிறோம். நோயின் இருப்பிடமோ மேலேயுள்ள இணைப்பு.

மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, அடுப்பு எரியும்போது எரியும் ஊதுவத்தியை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் பிடிக்க வேண்டும். ஊதுவத்தியின் புகை இணைப்பை நோக்கி வளைந்து உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே இடுக்கு உண்டு. நேராக மேலெழுந்தால் இணைப்பு நன்று. சூடான குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

எந்த இடுக்குக்கு எது?

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. புகைபோக்கி முழுமைக்கும் பொருந்தும் ஒரே பூச்சு கிடையாது. ஒவ்வோர் இடத்தின் பகைவன் வேறு.

முதலிடம் தீ எரியும் அறை. இங்கே 700, 800 பாகை வெப்பம் சாதாரணம், பகைவன் வெப்பமே. களிமண்ணும் மணலும் உமி அல்லது சாம்பலும் சேர்ந்த குழைமண் இங்கே சாதாரண சிமென்டைவிட மேலானது. கல்யாண மண்டபம், உணவு விடுதி ஆகியவற்றின் பெரிய விறகடுப்புகளுக்குச் சூளைச் செங்கல்லும், கால்சியம் அலுமினேட் வகை வெப்பச் சிமென்டும் ஏற்றவை. எதைப் பூசினாலும் முதல் சில நாள் மெல்லிய தீயில் உலர்த்த வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் திடீரென ஆவியானால் பூச்சு பெயர்ந்துவிடும்.

இரண்டாமிடம் அடுப்பும் குழாயும் சேரும் இணைப்பு. இங்கே வெப்பம் 200 முதல் 350 பாகை வரை இருக்கலாம், பகைவன் அசைவு. குழாயை மண்ணுக்குள் இறுக்கிப் புதைக்காமல் சற்றே இடம் விட்டு, அந்த இடத்தில் கண்ணாடி இழைக் கயிற்றைச் சுற்றித் திணித்து, மேலே நார் கலந்த மண் பூசுவது நலம். குழாய் நீண்டு சுருங்கக் கயிறு இடங்கொடுக்கும். குழாயோடு குழாய் சேருமிடத்தில் மேல் குழாயின் முனை கீழ்க் குழாயினுள் இறங்கியிருக்க வேண்டும். அப்போது படியும் கீல்நீர் வெளியே வழியாமல் உள்ளேயே இறங்கும்.

மூன்றாமிடம் கூரை. இங்கே வெப்பம் குறைவு. பகைவன் வடகிழக்குப் பருவமழை. மண் இங்கே கரைந்துவிடும். குழாயைச் சுற்றித் தகட்டாலான பாவாடை ஒன்றைப் பொருத்தி, குழாய் அசைய இடம் விட்டு, மழைநீர் தகட்டின்மேல் வழியுமாறு அமைக்க வேண்டும். சிலிக்கோன் பசை பயன்படும் இடம் இது. சாதாரண சிலிக்கோன் சுமார் 200 பாகை வரையும், இரும்பு ஆக்சைடு சேர்ந்த சிவப்பு வகை அதற்குச் சற்று மேலும் தாங்கும். தீ அறையின் இடுக்கில் அதைத் தடவினால் கருகி உதிர்ந்துவிடும். கீற்றுக் கூரையானால் குழாயைச் சுற்றிப் போதிய இடைவெளி விட்டுத் தீப்பற்றாத பொருளால் தடுப்பு அமைக்காமல் எந்தப் பூச்சும் பாதுகாப்புத் தராது.

எவ்வளவு நல்ல இணைப்பானாலும் சன்னலுக்கு அது மாற்றன்று. காற்றோட்டம் இல்லாத அறையில் எந்த அடுப்பும் எரியக்கூடாது.

மெழுகுதலின் பாடம்

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் முதலியவற்றால் எரிவாயு கோடிக்கணக்கான வீடுகளை எட்டியுள்ளது. நல்ல விறகடுப்பைவிடவும் எரிவாயு அடுப்பு தூய்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உருளையின் விலை ஏறும்போதும், வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், விருந்துச் சமையலுக்கும் விறகு எரிகிறது. அது எரியுமட்டும் புகைபோக்கியும் வேண்டும்; அதன் இடுக்குகளும் அடைபட வேண்டும்.

குமிழ் வைத்த பழைய அடுப்பு புகை கக்கிற்று. ஆனால் அதன் வெடிப்பை அடைக்க யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மண் ஏரியில் இருந்தது. கைத்திறன் வீட்டில் இருந்தது. மெழுகும் வேளை நாள்தோறும் வந்தது. புதிய அடுப்பு புகையை வெளியேற்றிற்று. ஆனால் அதைக் கட்டியவர் போய்விட்டார். அதன் குழாயும் பூச்சும் வீட்டாரின் கைக்கு எட்டாதவையாயின. நாடா சிற்றூரில் பெண்களையே கொத்தர்களாக்கியபோது இந்த இடைவெளியை அடைக்கும் வழி தென்பட்டது. பல இடங்களில் அது தொடரவில்லை.

ஆகவே இடுக்கை அடைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அவ்விடத்தின் வெப்பத்தை இது தாங்குமா? குழாய் அசையும்போது இதுவும் இடங்கொடுக்குமா? அடுத்த ஆண்டு இது வெடித்தால், அந்த வீட்டிலுள்ளவரே அரை மணி நேரத்தில் சரிசெய்ய முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முடியும் என்ற விடை கிடைக்காத பூச்சு, முதல் இரண்டிலும் எவ்வளவு சிறந்து விளங்கினாலும், அடுப்பின் முன் அமர்பவரை நெடுநாள் காக்காது.